முன்னோட்டக் காட்சியில் மருட்கையும் மதிமையும்: ‘2.0’, ‘கோட்’ திரைப்படங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

திரைப்படம் வெளிவருமுன் காட்டப்பெறும் முன்னோட்டத்தில் இயல்புக்கு மாறான காட்சி விளைவு ஒன்றைக் காணும் பார்வையாளர் முதலில் வியக்கிறார். அடுத்த பார்வையில் அது எவ்வாறு செய்யப்பட்டது, எவ்விடத்தில் பிசகியது என ஆராயத் தொடங்குகிறார். வியப்பு ஆராய்ச்சியாகவும் ஆராய்ச்சி சில வேளைகளில் எள்ளலாகவும் மாறும் இந்நிகழ்வைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் மருட்கைக் கோட்பாட்டின் துணையால் விளக்க இக்கட்டுரை முயல்கிறது. 2018இல் வெளிவந்த ‘2.0’, 2024இல் வெளிவந்த ‘தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ (இனி, ‘கோட்’) ஆகிய இரு சண்டைப் படங்களின் முன்னோட்டப் பொருள்கள் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்பெற்றுள்ளன. பேருருவப் பறவையைக் காட்டுவதைவிட அறிந்த முகமொன்றைச் சிறிதளவு மாற்றிக் காட்டுவது அரிதாவது ஏன் என்பதே இக்கட்டுரையின் மைய வினா.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, மருட்கை, மதிமை, நகை, தந்திரக் காட்சி, கிராபிக்ஸ், முன்னோட்டம், இளமையாக்கம்.

முன்னுரை

தமிழ்த் திரைப்பட ஆய்வு பெரும்பாலும் கதை, உரையாடல், பாடல், அரசியல் ஆகியவற்றையே பொருளாகக் கொண்டு வளர்ந்துள்ளது. காட்சி விளைவுகள் தொழில்நுட்பச் செய்தியாக மட்டும் கருதப்பட்டு ஒதுக்கப்படுகின்றன. ஆனால் இன்றைய பார்வையாளர் ஒரு படத்தோடு கொள்ளும் முதல் உறவு, ட்ரெய்லர், டீசர் என்று வழங்கும் சில மணித்துளி முன்னோட்டத்தின் வழியே அமைகிறது. அம்முன்னோட்டத்தைத் திரையரங்கில் ஒருமுறை கண்டு கடந்த காலம் மாறிவிட்டது. கைப்பேசியில் நிறுத்தியும் பின்னோக்கி நகர்த்தியும் ஒரு நொடிக்குரிய இருபத்துநான்கு சட்டகங்களைத் தனித்தனியே நோக்கவும் இன்று இயலும். ஏட்டுச்சுவடியில் எழுத்தெழுத்தாகப் பாடம் பார்ப்பவரின் கூர்மைக்கு இணையான கூர்மையோடு முன்னோட்டங்கள் பார்க்கப்படுகின்றன.

இப்பார்வையை வெறும் பொழுதுபோக்கு என்றோ குறை காணும் மனப்பான்மை என்றோ தள்ளிவிடலாகாது. இதற்குத் தனிச் சொற்களஞ்சியம் உண்டு. தனி அளவுகோல்கள் உண்டு. படைப்பையே மாற்றும் ஆற்றலும் உண்டு. இதனை விளக்கும் கோட்பாட்டை அயலிலிருந்து மட்டும் பெறவேண்டுமா, தமிழ்க் கவிதையியலுக்குள்ளேயே அதற்கான கருவி உள்ளதா என்ற வினாவிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது.

மருட்கையின் நிலைக்களன்கள்

பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. மருட்கையாகிய வியப்பு புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கின் வழிப் பிறக்கும். முன் காணாத ஒன்றைக் காண்பது புதுமை. அளவில் மிக்க ஒன்றைக் காண்பது பெருமை. மிக நுண்ணிய ஒன்றைக் காண்பது சிறுமை. ஒன்று வேறொன்றாகத் திரிவதைக் காண்பது ஆக்கம்.

இந்நூற்பாவில் மருட்கைக்குத் தரப்பெறும் அடை இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. மதிமை நிரம்பாத நிலையே மருட்கை என்பது அதன் கருத்து. அதாவது, காண்பவரின் அறிவு பொருளைத் தன் வரையறைக்குள் கொண்டுவர இயலாது நிற்கும் வரையே வியப்பு நிலைக்கும். மதிமை நிரம்பிய கணத்தில் மருட்கை நீங்கும். அவ்விடத்தில் வேறொரு மெய்ப்பாடு தோன்றும்.

செய்யுளுக்குரிய இக்கோட்பாட்டைத் திரைக்குப் பொருத்துவது தகுமா என்ற ஐயம் எழலாம். மெய்ப்பாட்டியலின் உரைமரபே இதற்கு விடை தருகிறது. இளம்பூரணர் இவ்வியலின் உரையில் செயிற்றியம் என்னும் நாடக நூலின் கருத்துகளை எடுத்தாள்கிறார். சுவைக்கப்படும் பொருள், அதனால் எழும் உணர்வு, உள்ளத்தில் தோன்றும் குறிப்பு, உடலில் வெளிப்படும் விறல் என உரையாசிரியர்கள் காட்டும் நான்கு படிநிலைகளும் காண்பவரையும் காணப்படுவதையும் ஒருங்கே கருதும் ஆடரங்க நோக்கில் அமைந்தவை. ஆகவே நிகழ்கலைக்கும் செய்யுளுக்கும் பொதுவான ஒரு கோட்பாட்டை, நிகழ்கலையின் வழித்தோன்றலாகிய திரைக்குப் பயன்படுத்துவது மரபை மீறுவதாகாது.

தந்திரக் காட்சி முதல் கிராபிக்ஸ் வரை

கணினிக்கு முற்பட்ட காலத் தமிழ்த் திரையுலகம் இத்தகைய காட்சிகளைத் ‘தந்திரக் காட்சி’ என்று வழங்கியது. இச்சொல்லில் செய்பவரின் திறன் முன்னிற்கிறது. 1957இல் கே.வி. ரெட்டி இயக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் உருவான ‘மாயா பஜார்’ இதற்குத் தக்க சான்று. ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லியின் கைவண்ணத்தில், எஸ்.வி. ரங்காராவ் ஏற்ற கடோத்கசன் திருமண விருந்தை உண்ணும் காட்சியில் பண்டங்கள் தாமே நகர்ந்து அவன் வாயை அடைகின்றன. அவனுடைய உருவும் பெருக்கிறது. புதுமை, பெருமை என்னும் இரு நிலைக்களன்கள் ஒரே காட்சியில் அமைந்திருப்பதைக் காணலாம். கதைமாந்தன் மாயம் வல்லவன் என்பதைப் பார்வையாளர் முன்பே அறிவர். எனவே தந்திரம் கதையின் மாயத்திற்குள் அடங்கிவிடுகிறது.

கணினி வரைகலை பரவிய பின்னர் ‘கிராபிக்ஸ்’ என்னும் சொல் எல்லா வகைக் காட்சி விளைவுகளுக்கும் பொதுப்பெயராயிற்று. பேச்சுவழக்கில் இச்சொல் பெறும் தொடர்கள் நோக்கத்தக்கவை. ‘கிராபிக்ஸ்னு தெரியுது’, ‘ஒட்டவே இல்லை’, ‘கனமே இல்லை’, ‘பொம்மை மாதிரி இருக்கு’ ஆகியன முன்னோட்டம் கண்டோர் இயல்பாகக் கூறுவன. இவை வெறும் வசைகள் அல்ல. நான்கு வேறு பிழைகளைச் சுட்டும் நான்கு வேறு கலைச்சொற்கள் எனக் கொள்ளத்தக்கவை.

‘ஒட்டவில்லை’ என்பது தொகுப்புப் பிழை. பச்சைத் திரையின் முன் நடித்தவரும் கணினியில் உருவான பின்னணியும் ஒளியின் திசையிலோ நிறத்திலோ நிழலிலோ மாறுபடும்போது இத்தீர்ப்பு எழுகிறது. ‘கனம் இல்லை’ என்பது இயக்கப் பிழை. பொருளின் எடைக்கேற்ற வேகமும் தரையில் ஊன்றும் அழுத்தமும் அசைவின் மங்கலும் இல்லாதபோது இது தோன்றும். ‘பொம்மை’ என்பது பெரும்பாலும் முகத்தைப் பற்றியது. மனிதத் தோல் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை உள்வாங்கிச் சிதறடித்து வெளிவிடும். அத்தன்மை குறைந்தால் முகம் மெழுகாகவோ நெகிழியாகவோ தோன்றும். ‘கிராபிக்ஸ்னு தெரியுது’ என்பது இம்மூன்றையும் உள்ளடக்கிய பொதுத் தீர்ப்பு. மதிமை நிரம்பிவிட்டது என்னும் அறிவிப்பாக இதனைக் கருதலாம்.

‘2.0’ முன்னோட்டத்தில் மருட்கை

ஷங்கர் இயக்கி 1-10-2010 அன்று வெளிவந்த ‘எந்திரன்’ படத்தின் இறுதிப் பகுதியில் நூற்றுக்கணக்கான இயந்திர மனிதர் ஒன்றுகூடிக் கோளமாகவும் பாம்பாகவும் பேருருவ மனிதனாகவும் மாறினர். அப்படத்தின் காட்சி விளைவுகளுக்காக வி. ஸ்ரீனிவாஸ் மோகன் தேசிய விருது பெற்றார். அதன் தொடர்ச்சியாகிய ‘2.0’ படத்தின் டீசர் 13-9-2018 அன்றும் முன்னோட்டம் 3-11-2018 அன்றும் வெளியிடப்பெற்றன. படம் 29-11-2018 அன்று திரைக்கு வந்தது. முன்னரே அறிவிக்கப்பட்ட வெளியீட்டு நாள்கள் தள்ளிப்போயிருந்தமையால், காட்சி விளைவுகள் எத்தகையன என்ற எதிர்பார்ப்புடனேயே பார்வையாளர் முன்னோட்டத்தை அணுகினர்.

மக்களின் கைகளிலிருந்து கைப்பேசிகள் பிடுங்கப்பட்டு வானில் பறக்கின்றன. சாலை முழுவதும் கைப்பேசிகள் பரவி நகர்கின்றன. எண்ணற்ற கைப்பேசிகள் இணைந்து பேருருவப் பறவையாகின்றன. முன்னோட்டம் காட்டிய இக்காட்சிகளை மருட்கையின் நிலைக்களன்களோடு பொருத்திப் பார்க்கலாம்.

கைப்பேசி தானே பறப்பது புதுமை. பறவையின் அளவு பெருமை. அப்பறவையின் சிறகு ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கும் கருவிகளால் ஆனது என்பது சிறுமை. உயிரற்ற கருவிகள் உயிருள்ள பறவையாகத் திரிவது ஆக்கம். நான்கு நிலைக்களன்களும் ஒரே உருவில் குவிந்துள்ளன. பெருமையைக் காணும் கண் அதனுள்ளேயே சிறுமையையும் காண்பதால், பார்வை ஓரிடத்தில் நிலைகொள்ளாது முழுமைக்கும் உறுப்புக்கும் இடையே அலைகிறது. மதிமை நிரம்புவதற்கான கால இடைவெளி நீள்கிறது.

அச்சத்தின் நிலைக்களன்களாக மெய்ப்பாட்டியல் கூறும் அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கனுள் முதல் இரண்டும் இவ்வுருவில் இணைவதையும் குறிப்பிடவேண்டும். இறந்தவரின் ஆற்றல் அணங்காகவும் பறவை வடிவம் விலங்காகவும் நின்று மருட்கையோடு அச்சத்தையும் விளைவிக்கின்றன.

இக்காட்சி ‘ஒட்டியதற்கு’ வேறு இரு காரணங்களும் உள. முதலாவது, கைப்பேசி கண்ணாடியும் உலோகமும் கொண்ட கடினப் பரப்பு. கணினி வரைகலைக்கு உயிருள்ள தோலைவிடக் கடினப் பரப்பே எளிது. மேலும் கைப்பேசி தானே ஒளி உமிழும் பொருள்; சுற்றுப்புற ஒளியோடு நேரும் சிறு முரண்களை அவ்வொளி மறைத்துவிடும். இரண்டாவது, கைப்பேசிகளால் ஆன பறவையை எவரும் கண்டதில்லை. ஒப்பிடுவதற்கு நினைவில் மூலப்படி இல்லாதபோது பிழை காணும் அளவுகோலும் இல்லை. புதுமை என்னும் நிலைக்களன் காட்சி விளைவுக்கு ஒரு காப்பாகவும் விளங்குகிறது.

‘கோட்’: அறிந்த முகத்தின் ஆக்கம்

இதற்கு நேர்மாறான சிக்கலை வெங்கட் பிரபு இயக்கிய ‘கோட்’ எதிர்கொண்டது. விஜய் தந்தை, மகன் என இருவேறு பாத்திரங்களை ஏற்ற இப்படத்தில், மகனுக்குரிய இளமைத் தோற்றம் காட்சி விளைவின் துணையால் உருவாக்கப்பெற்றது. இரட்டை வேடம் தமிழ்த் திரைக்குப் புதிதன்று. 1940இல் பி.யு. சின்னப்பாவும் 1958இல் சிவாஜி கணேசனும் ‘உத்தமபுத்திரன்’ என்னும் பெயரிலான படங்களில் இரு வேடங்கள் ஏற்றனர். அங்கே ஒரே முகம் இருவராதலே தந்திரம். ‘கோட்’ படத்திலோ ஒரே முகம் இரு காலங்களுக்கு உரியதாதல் வேண்டும்.

3-8-2024 அன்று வெளியான ‘ஸ்பார்க்’ பாடலின் காணொளியில் அவ்விளமைத் தோற்றம் இடம்பெற்றபோது அது எள்ளலுக்கு உள்ளாயிற்று. 17-8-2024 அன்று முன்னோட்டம் வெளிவந்ததும் பாடலில் கண்ட முகமும் முன்னோட்டத்தில் கண்ட முகமும் ஒப்பிடப்பட்டன. படம் 5-9-2024 அன்று திரைக்கு வந்தது.

நிலைக்களன் அடிப்படையில் நோக்கின், இங்கே புதுமை இல்லை, பெருமை இல்லை, சிறுமை இல்லை. ஆக்கம் ஒன்றே உள்ளது. அவ்வாக்கமும் ஒரு பொருள் பிறிதொன்றாதல் அன்று; ஒருவர் தம் முன்னைய உருவை அடைதல். இம்முன்னைய உருவைப் பார்வையாளர் நன்கறிவர். 1992இல் ‘நாளைய தீர்ப்பு’ படத்தில் நாயகனாக அறிமுகமானது தொட்டு அம்முகம் ஆண்டுதோறும் திரையில் பதிவாகியுள்ளது. இளமையில் அவர் எவ்வாறு சிரித்தார், கன்னம் எவ்வாறு அசைந்தது என்பதற்கான மூலப்படி ஒவ்வொருவர் நினைவிலும் உள்ளது. ஆகவே மதிமை தொடக்கத்திலேயே நிரம்பியிருக்கிறது. மருட்கைக்கு இடம் குறுகிவிடுகிறது.

ஜப்பானிய இயந்திரவியல் அறிஞர் மாசாஹிரோ மோரி 1970இல் முன்வைத்த கருத்து இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஓர் உருவம் மனிதரை ஒத்திருக்க ஒத்திருக்க நமக்கு அதனோடு இணக்கம் பெருகும்; ஆனால் ஏறத்தாழ மனிதராகவே தோன்றும் நிலையில் எஞ்சியுள்ள சிறு வேறுபாடு இணக்கத்தைத் திடீரெனச் சரியச் செய்யும் என்பது அவர் கருத்து. ‘பொம்மை மாதிரி’ என்னும் தமிழ்த் தொடர் இச்சரிவையே சுட்டுகிறது. மோரியின் கருத்து மனித உரு அனைத்திற்கும் பொதுவானது. ‘கோட்’ முன்னோட்டத்தில் செயற்படுவதோ ஒருவரது முகத்தைப் பற்றிய தனி நினைவு. மதிமை என்னும் கருத்தாக்கம் அந்நினைவையும் உள்ளடக்க வல்லது என்பதால், இவ்விடத்தில் அது கூடுதல் விளக்கம் தருகிறது.

மருட்கை நகையாதல்

மருட்கை நீங்கிய இடத்தில் எம்மெய்ப்பாடு தோன்றும்? நகையின் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியன கூறப்பெறுகின்றன. தோல்வியுற்ற காட்சி விளைவைக் கண்டு பார்வையாளர் நகுவது எள்ளல் பற்றியது. நகைப்படங்களும் மீம்களும் இதன் வெளிப்பாடுகள். இளமையாக்கத்தைக் கண்டு நகுவதை ‘இளமை’ என்னும் நிலைக்களனோடு பொருத்தத் தோன்றலாம், அது பொருந்தாது. அங்கே இளமை என்பது குழவிப் பருவத்தார் சொல்லாலும் செயலாலும் விளையும் நகை. சொல் ஒன்றாயிருத்தல் கொண்டு கோட்பாட்டை நீட்டுதல் முறையன்று.

எள்ளல் நகைக்கு ஒரு பின்விளைவு உண்டு. அது பிழையைக் காட்டும். பிழைக்கான காரணத்தைக் காட்டாது. முன்னோட்டத்தில் இடம்பெறும் காட்சிகள் பல, படத்தின் இறுதி வடிவம் முடியுமுன்பே விளம்பரத் தேவைக்காக விரைந்து முடிக்கப்படுவன. ஒரு காட்சியில் நடிகரின் உருவை எல்லைக்கோடு பிரித்தெடுப்போர், ஒளிப்பதிவுக் கருவியின் நகர்வைக் கணினியில் மீளமைப்போர், ஒளியூட்டுவோர், அனைத்தையும் தொகுப்போர் எனப் பலர் உழைக்கின்றனர். ‘கிராபிக்ஸ் மோசம்’ என்னும் இரு சொற்களில் அவ்வுழைப்பும், அவர்களுக்குத் தரப்பட்ட காலக்கெடுவும் ஒருங்கே மறைந்துவிடுகின்றன. ‘தந்திரக் காட்சி’ என்ற பழஞ்சொல்லில் முன்னின்ற செய்வோர், ‘கிராபிக்ஸ்’ என்ற சொல்லில் காணாமற்போவது மொழி வரலாற்று நோக்கிலும் கருதத்தக்கது.

முன்னோட்டம் படத்தைத் திருத்துதல்

நூல் அச்சேறுமுன் அரங்கேற்றப்பட்டு அவையோரின் தடைவிடைகளை எதிர்கொண்ட மரபைத் தமிழர் அறிவர். முன்னோட்டம் இன்று அத்தகைய அரங்கேற்றமாகச் செயற்படுவதற்கு வேற்றுமொழிச் சான்றுகள் இரண்டு உள. ‘சோனிக் த ஹெட்ஜ்ஹாக்’ என்னும் ஆங்கிலப் படத்தின் முன்னோட்டம் 2019 ஏப்ரல் இறுதியில் வெளிவந்தபோது, முதன்மைப் பாத்திரத்தின் பற்களும் கண்களும் கடும் எதிர்ப்புக்கு உள்ளாயின. இயக்குநர் ஜெஃப் ஃபௌலர் சில நாள்களிலேயே உருவத்தை மாற்றுவதாக அறிவித்தார். 2019 நவம்பரில் வரவிருந்த படம் 2020 பிப்ரவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டுப் புதிய உருவோடு வெளிவந்தது. இராமாயணக் கதையை ஒட்டிய ‘ஆதிபுருஷ்’ படத்தின் டீசர் 2-10-2022 அன்று அயோத்தியில் வெளியிடப்பெற்றது. அதன் காட்சி விளைவுகள் மீது எழுந்த குறைகூறல்களுக்குப் பின், 2023 ஜனவரியில் வரவிருந்த படம் ஜூன் 16க்குத் தள்ளிவைக்கப்பட்டது.

இரண்டையும் ஒப்பிடின், காண்போரின் தடை பயன்தரும் முறை புலப்படும். ‘சோனிக்’ படத்தில் தடை ஓர் உருவின் குறிப்பிட்ட உறுப்புகளைச் சுட்டியது. எனவே திருத்தம் இயன்றது. ‘ஆதிபுருஷ்’ படத்தில் தடை படத்தின் முழுத் தோற்றத்தையும் பற்றியது. கூடுதல் காலம் கிடைத்தும் வெளியீட்டுக்குப் பின் அதே குறை மீண்டும் பேசப்பட்டது. குறையைச் சுட்டும் சொல் எவ்வளவு நுட்பமானதோ அவ்வளவு அது படைப்புக்குப் பயன்படும்.

உணர்வுடை மாந்தர்

மெய்ப்பாட்டியல் தன் இறுதி நூற்பாவில், கண்ணாலும் செவியாலும் உறுதிபட உணரும் ஆற்றல் உடையோர்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருள் புலனாதல் அரிது என்கிறது. சட்டகம் சட்டகமாக முன்னோட்டத்தை நோக்கும் பார்வையாளரை இவ்வரையறைக்குள் கொண்டுவரலாம். அவர் கண்ணால் மட்டும் காண்பதில்லை. இடியோசையோடு வரும் பேருருவின் கனத்தைச் செவியாலும் அளக்கிறார். அசைவில் குறையும் எடையை ஒலி நிறைவு செய்வது காட்சி விளைவுக் கலையின் அறியப்பட்ட உத்தி. ஒலியை நீக்கிக் காணும்போது ‘கனமே இல்லை’ என்னும் தீர்ப்பு எளிதில் எழுவது இதனாலேயே.

முன்னோட்டம் காணும்போது தம் முகத்தையே பதிவுசெய்து வெளியிடும் ‘ரியாக்‌ஷன்’ காணொளிகளும் இவண் கருதத்தக்கன. கண் விரிதல், வாய் திறத்தல், உடல் பின்வாங்குதல் ஆகிய விறல்கள் அவற்றில் சான்றாகப் பதிவாகின்றன. எனினும் பிறர் காண்பதற்கென்றே பதிவாகும் விறலில் நடிப்பும் கலந்திருக்கும் என்பதால் அவற்றை எச்சரிக்கையுடன் கையாள வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. மருட்கையின் நான்கு நிலைக்களன்களும் முன்னோட்டக் காட்சி விளைவுகளை வகைப்படுத்தப் போதுமான கருவியாக அமைகின்றன. ‘2.0’ முன்னோட்டத்தின் கைப்பேசிப் பறவையில் நான்கும் ஒருங்கே அமைந்தமை அதன் வலிமைக்கு முதன்மைக் காரணம்.

2. காட்சி விளைவின் அருமை உருவின் அளவைப் பொறுத்ததன்று. காண்போர் நினைவில் உள்ள மூலப்படியைப் பொறுத்தது. எவரும் காணாத பறவையை நம்பச் செய்வதைவிட எல்லாரும் அறிந்த முகத்தை இளமையாக்கி நம்பச் செய்வது கடினம் என்பதை ‘கோட்’ காட்டுகிறது.

3. மதிமை நிரம்பும்போது மருட்கை நீங்கி எள்ளல் நகை தோன்றுகிறது. இம்மாற்றத்தைக் குறிக்கும் ‘ஒட்டவில்லை’, ‘கனம் இல்லை’, ‘பொம்மை’ ஆகிய வழக்குச்சொற்கள் தொகுக்கப்பட்டுத் தமிழ்த் திரைத்திறனாய்வின் கலைச்சொற்களாக ஏற்கப்படத்தக்கவை.

4. மதிமை எள்ளலில் மட்டும் முடிய வேண்டியதில்லை. எவ்வாறு செய்யப்பட்டது என அறிந்த பின்னும் எஞ்சும் வியப்பு ஒன்று உண்டு; அது பொருளின்மீது எழாமல் செய்வோரின் திறன்மீது எழுவது. பெருமிதத்தின் நிலைக்களன்களுள் கல்வியும் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பது இங்கு நினையத்தக்கது. கலைஞர் தம் கல்வி பற்றிக் கொள்ளும் பெருமிதத்தைக் காண்போரும் உணரத்தக்க ஒரு திறனாய்வு மொழி உருவாதல் வேண்டும். தந்திரக் காட்சிகள் தொடங்கி இன்றைய இளமையாக்கம் வரையிலான தமிழ்க் காட்சி விளைவுகளின் வரலாற்றை மெய்ப்பாட்டு நோக்கில் எழுதுவது அதற்கான அடுத்த பணி.